பந்து ஏன் தலைக்கு மேலே போனது?

தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில், ஆன்லைன் வகுப்பு பார்த்து நாலு மாதம் சாஃப்ட்பால் பிட்சிங் (கையைச் சுழற்றி, இடுப்புக்குப் பக்கத்தில் கீழிருந்து பந்தை வீசுவது) பழகினேன். மாடி நீளம் 30 அடி. பெண்கள் ஆட்டத்தில் பிட்சிங் தூரம் 43 அடி. மைதானத்தில் போட்டால் பந்தெல்லாம் அதைப் பிடிக்க எதிரே உட்கார்ந்திருக்கும் கேட்சர் தலைக்கு மேலே. வேகத்தைக் கூட்டினேன், இன்னும் மோசம்.

வியாசர்பாடியில் பயிற்சி தரும் அக்கா ஒருவர் பக்கவாட்டில் நின்று பத்து பந்து பார்த்தார். "இடுப்பைத் தாண்டின பிறகு விடுறே கண்ணு. முன்கை இடுப்பை உரசும்போதே விடு." அவ்வளவுதான்.

ஆன்லைன் ஆசிரியர் மேல் தப்பில்லை. நான்தான் போனை எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். முன்னாலிருந்து பார்த்தால் பந்தை விடும் இடம் எப்படித் தெரியும்? இப்போது போன் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், ஸ்லோ மோஷனில். பத்தில் ஏழு ஸ்டிரைக், அதாவது அடிப்பவருக்கு நேரான சரியான உயரத்தில், விழுகிறது. மாடிதான் இன்னும் 13 அடி குறைவு.