குட்டி கேமரா வாங்குமுன் லென்ஸோடு சேர்த்து எடை பாருங்கள்

லென்ஸ் மாற்றும் வசதியுள்ள சின்ன கேமரா வாங்கப் போகிறீர்களா? விளம்பரத்தில் போட்டிருக்கும் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) எடையை விட்டுவிடுங்கள். நீங்கள் அதிகம் மாட்டப் போகிற லென்ஸ், பேட்டரி, மெமரி கார்டு எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்த எடைக்கு ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் முழுக்கத் தோள்பையில் போட்டுச் சுற்றிப் பாருங்கள். ஒரு ரூபாய் செலவில்லை.

காரணம், எடையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது லென்ஸ்தான். கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சென்சார் பெரிதானால், அதை நிறைக்கும் லென்ஸும் பொதுவாகப் பெரிதாகும். 2013-இல் வந்த பானாசோனிக் ஜிஎம்1 பேட்டரி, கார்டுடன் 204 கிராம். அதன் 12-32 மி.மீ. லென்ஸ் 70 கிராம். மொத்தம் 274. சோனி ஏ7சி-யும் சின்னதுதான், 509 கிராம். ஆனால் அதன் சென்சார் பெரியது. அதில் சோனியின் உயர்தர ஜிஎம் வரிசையில் வந்த முதல் தலைமுறை 24-70 மி.மீ. எஃப்2.8 லென்ஸை (886 கிராம்) மாட்டினால் 1,395 கிராம்! அப்புறம் என்ன குட்டி கேமரா?

பறவை, விளையாட்டுப் படம் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. நீள லென்ஸைத் தாங்க நல்ல பிடி வேண்டும். சின்ன பாடி முன்பக்கம் சாய்ந்து கையை வலிக்க வைக்கும். ஜிஎம்1 இப்போது பழையதாகத்தான் கிடைக்கும் என்பதால், விலை பேசுமுன் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்துவிடுங்கள். புதிதிலேயே ஒரு சார்ஜுக்குச் சுமார் 230 படம்தான்.