பூஜை, தொழுகை, மெஸ் நேரம்: விடுதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மெஸ் கமிட்டியில் இருந்தேன். ஒரு வருஷம் சரஸ்வதி பூஜைக்கு, ஆறரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடியும் என்று நோட்டீஸ் ஒட்டினோம். பஜனை நீண்டு, தீபாராதனை ஆகி, சுண்டல் வாங்கிக்கொண்டு கடைசிப் பசங்க மெஸ்ஸுக்கு வரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. முதலாமாண்டுப் பையன் ஒருவன் தட்டோடு நிற்கிறான். உள்ளே சாம்பார் வாளியைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். "சோறு தீந்து போச்சு கண்ணு, பன்னுதான் இருக்குது" என்றார் மெஸ் அண்ணன். நேரம் குறித்த எங்கள் தப்புக்கு அந்தப் பையன் பட்டினி கிடந்தான்.

நாங்கள் கோட்டை விட்டது வரிசையை. இருநூறு பேர், இரண்டு கவுண்டர், ஆளுக்குக் கால் நிமிடம் என்று வைத்தாலே கடைசி ஆளுக்குச் சோறு விழ 25 நிமிடம் ஆகும். அதனால் மெஸ் மூடுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே நிகழ்ச்சி முடிய வேண்டும். முடியாதென்றால், மூடும் நேரத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி மதியத்துக்குள் மாஸ்டரிடம் பேசிவிடுங்கள். சாயந்திரம் உலை வைத்த பிறகு சொல்லிப் பயனில்லை. பிரசாதத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதும் தவறு. ஒரு கை சுண்டல் இராத்திரிக்குத் தாங்காது. முழு அன்னதானம் என்றால் அதையும் முன்னாடியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் மெஸ்ஸில் ஆக்கிய அரிசிம்பருப்பு சாதம் அண்டாவோடு வீணாகும்.

ரம்ஜானில் நடக்கும் தவறு கொஞ்சம் நுணுக்கமானது. டிவியில் சென்னை இஃப்தார் நேரத்தை, அதாவது நோன்பு திறக்கும் நேரத்தைப் பார்த்துக் கோயம்புத்தூரில் கஞ்சி ஊற்றுகிறார்கள். கோயம்புத்தூர் சென்னைக்கு மேற்கே மூன்று பாகைக்கு மேல் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். மார்ச் மாதத்தில் அங்கே சூரியன் சுமார் 13 நிமிடம் பிந்தித்தான் மறையும். நாளெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவரின் நோன்பைச் சில நிமிடம் முந்தித் திறக்க வைப்பது சாதாரணத் தப்பல்ல. உள்ளூர்ப் பள்ளிவாசல் அட்டவணை ஒன்றை வாங்கி மெஸ் சுவரில் ஒட்டிவிடுங்கள். போன வருஷத்து அட்டவணை உதவாது. ரம்ஜான் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் நகரும். அப்புறம் சஹர், அதாவது நோன்பு தொடங்கும் முன் சாப்பிடும் சாப்பாடு. ஏழு மணிக்குத் திறக்கும் மெஸ், விடிவதற்கு வெகு முன்பே சாப்பிட்டாக வேண்டியவருக்கு எப்படி உதவும்? இராத்திரியே டிபன் கேரியரில் கட்டிக் கொடுக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையும் மதிய இடைவேளையும் ஒரே நேரத்தில் வருகின்றன. பள்ளிவாசல் போய்த் திரும்புகிறவருக்குத் தட்டு எடுத்து மூடிவைப்பது பெரிய வேலையில்லை. பெரிய வெள்ளியன்று 12 மணி முதல் 3 மணி வரை மும்மணி ஆராதனை இருக்கும் சபைகள் உண்டு. அன்றைக்கும் இதே ஏற்பாடுதான். புரட்டாசிச் சனிக்கிழமைக்கும் மாலை போட்டவர்களுக்கும் நேரத்தைவிட அசைவம் பட்ட பாத்திரம்தான் பிரச்சினை, தனிக் கரண்டி போதும்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது ஒன்று: நிகழ்ச்சியின் பாதியில் எழுந்து சாப்பிடப் போகிறவரை முறைத்துப் பார்ப்பது. சர்க்கரைக்கு மருந்து எடுக்கிற பிள்ளை நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகணும். ஜூனியர் பசங்களுக்கு அண்ணன்மார் நடுவே எழக் கூச்சம். ஆகையால் தொடங்கும்போதே மைக்கில், "பசிக்கிறவங்க எப்ப வேணும்னாலும் போய்ச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

அந்தச் சரஸ்வதி பூஜைக்கு அப்புறம் கவுண்டர் பக்கத்தில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். தாமதமாக வருகிறவர் காலையிலேயே பெயரும் அறை எண்ணும் எழுதிவிட வேண்டும். அந்த எண்ணிக்கைக்குச் சோறு தனி அடுக்கில் இருக்கும்.