பணியிடத்தில் அறமுடிவு எடுப்பது எப்படி: கோட்பாடுகளைக் கேள்விகளாகக் கையாளும் முறை

பணியிடத்தில் அறச்சிக்கல் ஒன்று எழும்போது அது அறச்சிக்கல் என்பதே பலருக்கும் புலப்படுவதில்லை. "இந்த மாதம் மட்டும் தேதியை முன்னால் போட்டுவிடுங்கள்", "அந்தச் சோதனையை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்", "வாடிக்கையாளர் கேட்டால் சொன்னால் போதும்" என்று அன்றாட வேலையின் பேச்சிலேயே அது வந்து சேர்கிறது. அறக்கோட்பாடுகளைப் படித்தவர்கள்கூட அந்த நேரத்தில் அவற்றை நினைப்பதில்லை. நினைப்பவர்களில் பலர், தாம் ஏற்கெனவே செய்ய விரும்புவதை நியாயப்படுத்தும் கோட்பாட்டைத் தேடி எடுத்துக்கொள்கிறார்கள். லாபம் தரும் முடிவுக்கு, விளைவை வைத்தே சரி தவறை அளக்கும் பயன்வாதமும், பொறுப்பைத் தட்டிக்கழிக்க விதிமுறையும், நண்பரைக் காப்பாற்ற விசுவாசமும் கைகொடுக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டி வலியுறுத்துவது ஒன்றைத்தான்: உங்கள் விருப்பத்துக்கு எதிராகப் பேசக்கூடிய கோட்பாடு எதுவோ, அதை முதலில் பேசவிடுங்கள்.

கேள்வியைத் தாளில் எழுதுங்கள்

பெரும்பாலான தவறுகள் முடிவெடுக்கும்போது நேர்வதில்லை. அதற்கு முன்பே, கேள்வி எந்தச் சொற்களில் அமைக்கப்படுகிறது என்பதிலேயே நேர்ந்துவிடுகின்றன. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதறி 7 பேர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய இரவு, உந்துபொறியைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், கடுங்குளிரில் உந்துபொறியின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிச் சரியாக அடைக்காமல் போகலாம் என்பதால் ஏவுதலைத் தள்ளிவைக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். ரோஜர் பாய்ஜோலி என்ற பொறியாளர் அந்த ஆபத்தைப் பற்றி 1985 ஜூலையிலேயே நிர்வாகத்துக்கு எழுதியிருந்தார். ஆனால் அன்றிரவு பேச்சின் போக்கு மாறியது. ஏவுவது பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டிய இடத்தில், அது பாதுகாப்பற்றது என்பதைப் பொறியாளர்களே நிரூபிக்க வேண்டும் என்ற நிலை உருவானது. பொறியியல் பிரிவின் தலைவரிடம் மூத்த நிர்வாகி ஒருவர், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியை அணிந்துகொள்ளும்படி சொன்னார், பரிந்துரையும் மாறியது. அறையில் இருந்தவர்கள் யாரும் உயிர்களைப் பணயம் வைக்கலாமா என்ற கேள்விக்கு ஆம் என்று விடை சொல்லவில்லை. அந்தக் கேள்வி அவர்கள் முன் அந்த வடிவில் வைக்கப்படவே இல்லை.

எனவே முதல் வேலை, சிக்கலை முழு வாக்கியமாக எழுதுவது. அந்த வாக்கியத்தில் மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும்: நீங்கள் செய்யப்போவது என்ன, அதை நம்பிச் செயல்படப்போகிறவர் யார், அவருக்குத் தெரியாமல் இருப்பது எது. ஓர் எடுத்துக்காட்டை விரிவாகவே எடுத்துக்கொள்வோம். ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்தின் நிதியாண்டு முடிய இன்னும் மூன்று நாட்கள் இருக்கின்றன. ஆண்டு விற்பனை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் முழுக் கடனையும் உடனே திருப்பிக் கேட்கலாம் என்று வங்கியுடனான ஒப்பந்தம் சொல்கிறது. பெரிய ஆர்டர் ஒன்று தயாராக இருக்கிறது. ஆனால் சரக்கு கிடங்கை விட்டு அடுத்த வாரம்தான் புறப்படும். மேலாளர் கணக்காளரை அழைத்து, "சரக்கு எப்படியும் போகத்தான் போகிறது. பில்லை மட்டும் இந்த ஆண்டுத் தேதியில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அறுபது பேருக்கு வேலை போய்விடும்" என்கிறார்.

"பில்லைச் சில நாட்கள் முன்னதாகப் போடலாமா?" என்று கேட்டால் இது ஓர் அலுவலகச் சில்லறை விஷயம். "இன்னும் நடக்காத விற்பனையை, நம் கணக்கை நம்பிக் கடன் கொடுத்திருக்கும் வங்கியிடம், நடந்துவிட்டதாகச் சொல்லலாமா?" என்று எழுதினால்தான் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவது வடிவத்தில் எழுத மனம் தயங்கினால், அந்தத் தயக்கத்தையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதியவுடன் தீர்ப்புக்குத் தாவ வேண்டாம். முதலில் உண்மைகளைச் சரிபார்க்க வேண்டும். வாங்குபவரே கேட்டுக்கொண்டதால் சரக்கு அவர் பெயரில் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டு, அதை நிறுவனம் வேறு யாருக்கும் கொடுக்க முடியாத நிலை இருந்தால், அனுப்புவதற்கு முன்பே அதை விற்பனையாகக் காட்டுவதற்குக் கணக்கியல் தரநிலைகள் கடுமையான நிபந்தனைகளோடு இடமளிக்கின்றன. அப்படியொரு ஏற்பாடு உண்மையிலேயே இருந்தால் சிக்கலே இல்லை. இல்லாத ஏற்பாட்டைத் தாளில் உருவாக்க வேண்டியிருந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. அறச்சிக்கல் என்று நாம் தவிக்கும் பலவும் தகவல் குறைவால் வந்தவை என்பதால், ஒரு மணி நேரத்தை இதற்குச் செலவிடுவது வீண் போகாது.

கோட்பாடுகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்

மேலாளரின் வாதம் பயன்வாதத்தின் குரலில் ஒலிக்கிறது: ஒரு தேதி மாறினால் அறுபது குடும்பங்கள் பிழைக்கும். செயலின் சரி தவறை அதன் விளைவுகளைக் கொண்டே அளக்க வேண்டும் என்பதுதான் தத்துவஞானிகளான ஜெரமி பெந்தாமும் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் முன்வைத்த நெறி. ஆனால் இந்த நெறியைத் துணைக்கு அழைப்பவர்கள் அது கோரும் கணக்கை முழுமையாகப் போடுவதில்லை. பெந்தாம் 1789-இல் வெளியிட்ட நூலில் இன்ப துன்பங்களை எடைபோட 7 அளவைகளைச் சொன்னார். அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே பொருத்திப் பாருங்கள். உறுதி: வேலை போவது உறுதியா, வங்கி உண்மையில் கடனைத் திருப்பிக் கேட்குமா? தொடர்விளைவு: இந்த ஆண்டுக்கு இழுத்துவந்த விற்பனை அடுத்த ஆண்டுக் கணக்கில் பள்ளமாக நிற்குமே, அதை எதைக்கொண்டு நிரப்புவது? பரவல்: வங்கி, கடனுக்குப் பொருள் தரும் சப்ளையர்கள், தணிக்கை அறிக்கையைப் படித்து முதலீடு செய்பவர்கள் ஆகியோர் ஏன் கணக்கில் வரவில்லை? முழுக் கணக்கையும் போட்ட பிறகு அதே முடிவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அரைகுறையாகப் போட்ட பயன்வாதக் கணக்கைவிட ஆபத்தான அறவாதம் அலுவலகங்களில் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1785-இல் வகுத்த நெறி விளைவைக் கேட்பதில்லை. செயலுக்குப் பின்னால் இருக்கும் விதியைக் கேட்கிறது. நீங்கள் பின்பற்றும் விதியை எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்று முரணில்லாமல் விரும்ப முடியுமா? நெருக்கடி வரும்போதெல்லாம் எல்லா நிறுவனங்களும் தேதியை மாற்றும் என்றால் கணக்குப் புத்தகத்தை எந்த வங்கியும் நம்பாது, அப்போது தேதியை மாற்றுவதால் பயனும் இருக்காது. மற்றவர்கள் உண்மை எழுதுவதால்தான் இந்தப் பொய் வேலை செய்கிறது. இந்த முரணைத்தான் காண்ட் சுட்டுகிறார். மனிதர்களை வெறும் கருவியாக நடத்தாதே என்பது அவருடைய இன்னொரு வடிவம். பணியிடத்துக்கு அதை எளிதாக மாற்றிக்கொள்ளலாம்: பாதிக்கப்படுபவரிடம் உண்மையைச் சொல்லிச் சம்மதம் கேட்க முடியுமா? கேட்டால் திட்டமே கவிழ்ந்துவிடும் என்றால், அவரைக் கருவியாக்கிவிட்டோம் என்று பொருள்.

அரிஸ்டாட்டில் வழிவந்த நற்பண்புக் கோட்பாடு, செயலிலிருந்து பார்வையைச் செய்பவர் மீது திருப்புகிறது. நேர்மையும் துணிவும் பழக்கத்தால் அமைபவை. அவற்றுக்கு எதிரானவையும் அப்படித்தான். இந்த ஆண்டு தேதியை மாற்றிய கணக்காளரிடம் அடுத்த ஆண்டு மேலாளர் இன்னொன்றைக் கேட்பார், அப்போது மறுப்பது இன்றைவிடக் கடினமாக இருக்கும். துறையில் நீங்கள் மதிக்கும் மூத்தவர் ஒருவரை மனத்தில் நிறுத்தி, அவர் இந்த நாற்காலியில் அமர்ந்திருந்தால் என்ன செய்வார் என்று கேட்பதே இதற்கான நடைமுறை.

அமெரிக்க உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982-இல் முன்வைத்த சிந்தனையிலிருந்து வளர்ந்த அக்கறை நெறி, பொது விதிகளில் கரைந்துபோகும் குறிப்பிட்ட மனிதர்களைக் கண்முன் கொண்டுவருகிறது. அந்தப் பதிவைக் கணினியில் தட்டச்சு செய்யப்போவது பணிக்கு வந்து ஆறு மாதமே ஆன ஓர் இளநிலை ஊழியராக இருக்கலாம். விசாரணை என்று வந்தால் பதிவில் இருக்கப்போவது அவருடைய பயனர் பெயர். மேலாளரும் கணக்காளரும் பேசிய பேச்சில் அவர் இடம்பெறவே இல்லை.

இத்தனையும் கேட்ட பிறகு, அறுபது பேரின் வேலை என்ற வாதம் பொய்யாகிவிடுவதில்லை. இந்த இடத்தில்தான் தத்துவஞானி டபிள்யூ. டி. ராஸ் 1930-இல் எழுதியது பெருந்துணையாகிறது. வாக்கைக் காப்பது, இழைத்த தீங்கை ஈடுசெய்வது, நன்றி, நீதி, பிறருக்கு நன்மை செய்வது, தன்னை மேம்படுத்திக்கொள்வது, தீங்கு செய்யாமல் இருப்பது எனப் பல கடமைகள் ஒருசேர நம்மைக் கட்டுகின்றன. அவை மோதும்போது ஒன்று மற்றொன்றை விஞ்சலாம், ஆனால் விஞ்சப்பட்ட கடமை மறைந்துவிடுவதில்லை என்றார் அவர். தேதியை மாற்ற மறுத்த கணக்காளருக்கு ஊழியர்கள்மீது உள்ள கடமை அப்படியே நிற்கிறது. அந்த மிச்சக் கடமைதான் மூன்றாவது வழியைத் தேட வைக்கிறது: ஆண்டு முடிவதற்கு முன்பே வங்கியை அணுகி, ஆர்டரின் ஆவணங்களைக் காட்டி, அந்த நிபந்தனையை ஒரு முறை தளர்த்தித் தரக் கேட்கலாம். கடன் கொடுத்தவர்கள் இத்தகைய தளர்வுகளைத் தருவது உண்டு. உண்மையான ஆர்டர் கையில் இருக்கும் நிறுவனத்தை மூடவைப்பதில் அவர்களுக்கும் லாபமில்லை. மறுப்போடு நின்றுவிடாமல் இந்தக் கடிதத்தின் வரைவையும் எழுதி மேலாளரிடம் கொண்டுபோகிறவரின் பேச்சு எடுபட வாய்ப்பு அதிகம்.

தொழில் நெறிமுறைகளும் அழுத்தமும்

உங்கள் தொழிலுக்கென்று ஒரு நெறிமுறைத் தொகுப்பு இருந்தால் அதைச் சிக்கல் வராத நாளில் படித்துவையுங்கள். கணக்காளர்களுக்கான சர்வதேச நெறிமுறை நேர்மை, பக்கச்சார்பின்மை, தொழில்திறனும் உரிய கவனமும், இரகசியம் காத்தல், தொழிலுக்குரிய நடத்தை என்று 5 அடிப்படைகளை வகுப்பதோடு, அவற்றைக் குலைக்கும் அச்சுறுத்தல்களையும் பெயரிட்டுச் சொல்கிறது: சுயநலம், தன் வேலையைத் தானே மதிப்பிடுவது, ஒரு தரப்புக்காக வாதாடுவது, நெருக்கம், மிரட்டல். இந்தப் பட்டியல் மற்றத் தொழில்களுக்கும் பொருந்தும் என்பதால், முடிவெடுக்கும் முன் இவற்றில் எது தம்மைப் பிடித்திருக்கிறது என்று யாரும் சோதித்துக்கொள்ளலாம். விதியில் தடை இல்லை என்பது மட்டும் அனுமதியாகாது. அமெரிக்காவில் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களிடம் உண்மையை மறைத்து, பென்சிலின் பரவலாகக் கிடைத்த பின்பும் சிகிச்சை தராமல் நோயின் போக்கைக் கவனித்த ஆய்வு, மருத்துவர்களாலேயே நாற்பது ஆண்டுகள் நடத்தப்பட்டது. மனிதர்களைக் கொண்டு நடத்தும் ஆய்வுகளுக்கு, மனிதர்களை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்ற மூன்று கோட்பாடுகளை முன்வைத்த பெல்மான்ட் அறிக்கை 1979-இல்தான் வெளிவந்தது.

தன் தவறே வெளிப்படும்போது எடுக்கும் முடிவு இன்னும் கடினம். நியூயார்க்கில் 1977-இல் கட்டிமுடிக்கப்பட்ட 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தின் வடிவமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷூரியர், இணைப்புகள் பற்றவைக்கப்படாமல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருந்ததால், மூலைவாக்கில் வீசும் பெரும் புயலில் கட்டடம் விழக்கூடும் என்று 1978-இல் கணக்கிட்டார். அவர் உரிமையாளர்களிடம் அதைச் சொன்னார். இரவு நேரங்களில் இணைப்புகள் பற்றவைத்துப் பலப்படுத்தப்பட்டன. இதைத் தொழில்நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம்; அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்த மக்களுக்கு ஆபத்து தெரிவிக்கப்படவில்லை, முழுச் செய்தியும் 1995-இல்தான் வெளிவந்தது. பயன்வாதம் பீதியைத் தவிர்த்ததைப் பாராட்டலாம். காண்ட்டின் கேள்விக்கு, சம்மதம் கேட்கப்படாத அந்த மக்கள் சார்பில் விடையில்லை. ஒரே மனிதரின் ஒரே முடிவில் ஒரு பகுதியைப் போற்றி, மற்றொரு பகுதியைக் கேள்வி கேட்கும் பழக்கம் நம் முடிவுகளை ஆராயவும் உதவும்.

மறுப்பைச் சொல்லும் முறையிலும் கவனம் தேவை. மேலாளரை நேர்மையற்றவர் என்று குற்றம் சாட்டினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். "சார், சரக்குப் புறப்பட்ட தேதியைத் தணிக்கையாளர் கேட்டால் நாம் என்ன காட்டுவோம்?" என்று கேட்டால் அவரும் அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கும். பேசியதை அன்றே தேதியிட்டுச் சுருக்கமாக எழுதிவைக்க வேண்டும். உடனடி மேலாளர் அசையாவிட்டால் அவருக்கு மேலே இருப்பவர், பிறகு நிறுவனத்தின் தணிக்கைக் குழு அல்லது அதற்கென உள்ள பிரிவு என்று உள்வழிகளை முதலில் பயன்படுத்துங்கள். வெளியே கொண்டுபோகும் முன் சட்ட ஆலோசனை பெறுவது அவசியம், ஏனெனில் இரகசியம் காக்கும் கடமையும் சட்டப் பாதுகாப்பும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் இந்தப் படிவரிசைக்காகக் காத்திருக்கக் கூடாது. இதற்கு விலை உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. சேலஞ்சர் விபத்தை ஆராய்ந்த விசாரணை ஆணையத்தின் முன் உண்மையைச் சொன்ன பாய்ஜோலியைச் சக ஊழியர்கள் ஒதுக்கிவைத்தார்கள். 1988-இல் அறிவியல் பொறுப்புணர்வுக்கான விருது அவரைத் தேடிவந்தபோது அவர் அந்த வேலையில் இல்லை. குடும்பப் பொறுப்பு உள்ளவர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது. சில மாதச் செலவுக்கான சேமிப்பும், வெளியே நம்பகமான தொழில்நண்பர்களும் இருப்பவருக்கு மறுப்பது எளிதாகிறது. அவற்றை முன்கூட்டியே அமைத்துக்கொள்வதும் அறமுடிவுக்கான ஆயத்தம்தான்.

முடிவுக்குப் பிறகு

எடுத்த முடிவு, அதற்கான காரணம், அப்போது தெரிந்திருந்த உண்மைகள், விட்டுக்கொடுக்க நேர்ந்த கடமை ஆகியவற்றை அரைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். பின்னால் வரும் தகவல் அந்த முடிவைத் தவறாக்கினால், அதை நம்பிச் செயல்பட்டவர்களிடம் நீங்களே சொல்லித் திருத்த வேண்டும். கணக்கில் என்றால் திருத்தப் பதிவும் அதற்கான விளக்கமும், மருத்துவத்தில் என்றால் நோயாளியிடமே நேரடியான உரையாடலும். நம் எடுத்துக்காட்டில் வங்கி தளர்வு தர மறுத்து, சிலர் வேலையிழக்கவும் நேரலாம். அப்போது அவர்களுக்குச் சேர வேண்டிய நிலுவைத் தொகைகளைத் தாமதமின்றிக் கணக்கிட்டுக் கொடுப்பதும், பணிச் சான்றிதழ்களைத் தயாரித்துத் தருவதும், இளநிலை ஊழியரிடம் நடந்தவற்றை விளக்கிச் சொல்வதும் அந்தக் கணக்காளரின் மேசையில் இருக்கும் அடுத்த வேலைகள்.