புது வண்டி மீற்றரில் 164: யார் ஓட்டிய கணக்கு?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. டிக்கோயாவில் என் கராஜில் ஒரு வேனின் பின் டிரம்மைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் மகள் கண்டியிலிருந்து கோல் எடுத்தாள். தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியை. லீசிங்கில் முதல் கார் எடுக்கிறாள். எங்கள் குடும்பத்திலேயே முதல் புதுக் கார் அதுதான்.

"சித்தப்பா, பிராண்ட் நியூன்னு சொல்லித்தான் அட்வான்ஸ் வாங்கினாங்க. மீற்றர்ல 164 கிலோமீற்றர் காட்டுது. யாரோ ஓட்டிட்டு என் தலையில கட்டுறாங்க போல."

"யாரோ ஓட்டினதுதான். ஓட்டாம அது கண்டிக்கு எப்படி வரும்? கையெழுத்து மட்டும் இப்ப போடாதே, நான் சொல்றதை முதல்ல கேளு" என்றேன்.

அந்த "யாரோ"வாகப் பதினொரு வருடம் இருந்தவன் நான். கொழும்புக்கு வெளியே, புது வண்டிகளை நிறுத்தி வைக்கும் ஒரு யார்டில் டிரைவர் வேலை. துறைமுகத்திலிருந்து யார்டுக்கும், யார்டிலிருந்து கண்டி, பதுளை, நுவரெலியா என்றும் புது வண்டிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது. அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் நம் பக்கம் வண்டி வாங்கியவர்களில் பெரும்பாலானோர் பழைய வண்டிதான் வாங்கினார்கள். புது வண்டி எப்படி இருக்கும் என்பதே பலருக்கு மறந்துவிட்டது.

முதலில் ஒன்று: மீற்றரில் சுத்தமாக 0 காட்டும் கார் கிடைப்பது அரிது. பக்டரியில் கார் கட்டி முடிந்ததும் அதை உருளைகளின் மேல் ஏற்றி, கியர் மாற்றி, வேகம் எடுத்து, பிரேக் பிடித்துப் பார்ப்பார்கள். கார் நின்ற இடத்திலேயே நிற்கும், சக்கரம் மட்டும் சுற்றும். பல கார்களில் சக்கரம் சுற்றினாலே மீற்றர் எண்ணிவிடும். கார் நகர்ந்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. அப்புறம் தண்ணீர் பீச்சி ஒழுகல் பார்ப்பது, மேடுபள்ளம் போட்ட சின்னத் தடத்தில் ஓட்டி எங்கே கடகடக்கிறது என்று கேட்பது. அதற்குப் பிறகு பக்டரி மைதானம், அங்கிருந்து துறைமுகம். கார் ஏற்றும் கப்பல் என்பது மாடி மாடியாகக் கட்டிய வாகனத் தரிப்பிடம் மாதிரி. கிரேனில் தூக்கிப் போடுவதில்லை, ஓட்டித்தான் உள்ளே ஏற்றுவார்கள், ஓட்டித்தான் கொழும்பிலோ அம்பாந்தோட்டையிலோ இறக்குவார்கள். இதெல்லாம் சேர்ந்து ஒற்றை இலக்கமாகவோ பத்துப் பன்னிரண்டாகவோ வரும்.

ஆனால் வட இந்தியாவில் கட்டிய கார் குஜராத் துறைமுகம் வரை 1000 கிலோமீற்றருக்கு மேல் ரயிலிலும் கேரியர் லொறியிலும் வந்தால், மீற்றரில் அதற்கு ஒரு கிலோமீற்றரும் ஏறாது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்தது. கார் எவ்வளவு தூரம் வந்தது என்பது மீற்றருக்குத் தெரியாது. சொந்தக் காலில் எவ்வளவு நடந்தது என்பதுதான் தெரியும்.

மலைநாட்டுக்கு வரும் வண்டிகளுக்குக் கணக்கு ஏறுவது இங்கேதான். கொழும்பில் கார் வாங்குகிறவருக்கு யார்டு பக்கத்திலேயே இருக்கிறது. நமக்கு வளைவுகளைத் தாண்டி வரவேண்டும். ஐந்தாறு கார் ஏற்றும் நீளமான கேரியர் மலை ரோட்டு வளைவுகளில் படும் பாட்டை நினைத்தால், டிரைவர்களை அனுப்பி ஓட்டிக்கொண்டு வரச் சொல்வது கம்பெனிக்கு இலாபம். நாங்கள் விடியற்காலை நான்கு மணிக்கு நான்கைந்து கார் வரிசையாகக் கிளம்புவோம். கேகாலையில் பிளேன்டீ, கடுகண்ணாவையில் மூச்சு முட்ட ஏற்றம், எட்டு மணிக்கு முன்னால் கண்டி. கொழும்பு–கண்டி 116 கிலோமீற்றர் சொச்சம். அது அப்படியே உங்கள் மீற்றரில் உட்கார்ந்துவிடும்.

ஆகவே ஷோரூமில் நின்றுகொண்டு "ஏன் இவ்வளவு?" என்று சண்டை பிடிக்காதீர்கள். கேட்கவேண்டிய கேள்வி வேறு: "கேரியர்ல ஏத்திக்கிட்டு வந்தீங்களா, ஓட்டிக்கிட்டு வந்தீங்களா?" கேரியரில் வந்தது என்று சொல்லிவிட்டு மீற்றரில் 164 இருந்தால் அங்கேயே நில்லுங்கள், ஏதோ இடிக்கிறது. ஓட்டிக்கொண்டு வந்தது என்றால் ரன்னிங் சார்ட்டை, அதாவது ஓட்டக் கணக்கு எழுதிய தாளை, காட்டச் சொல்லுங்கள். நான் வேலை செய்த இடத்தில் யார்டு கேட்டில் வண்டி வெளியேறும்போது மீற்றரைப் பார்த்து எழுதுவார்கள், போய்ச் சேர்ந்த கிளையிலும் எழுதுவார்கள். கட்டாயம் காட்டவேண்டும் என்று சட்டம் ஒன்றும் பேசாதீர்கள். தன்மையாகக் கேட்டால் பாதிப் பேர் காட்டிவிடுவார்கள். காட்ட மறுக்கும் முகத்தைப் பார்த்தாலே மீதி விளங்கிவிடும்.

அண்ணன் மகள் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். யார்டை விட்டுக் கிளம்பும்போது 41. கண்டிக்கு வந்து சேர்ந்தபோது 159. இடையில் 118, ரோட்டுக் கணக்கோடு ஒத்துப்போகிறது. மிச்சம் 5, கொடுப்பதற்கு முன் சோதனை ஓட்டம். அந்த ஓட்டத்தை நானே விரும்புவேன். பிரேக் இழுக்கிறதா, ஸ்டியரிங் ஒரு பக்கம் போகிறதா என்று ஓட்டிப் பார்க்காமல் ஒருவர் எனக்குப் புது வண்டி கொடுத்தால்தான் பயப்படுவேன். கிளம்பும்போது இருந்த 41? பக்டரி, கப்பல், துறைமுகத்திலிருந்து யார்டு, யார்டுக்குள் கழுவும் இடம், சர்வீஸ் இடம் என்று அலைந்தது. சரியான கணக்குத்தான்.

இதே 164 வேறு கதையாகவும் இருந்திருக்கலாம். ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கு வைத்த காரைப் புதிது என்று கொடுப்பது உண்டு. அதில் நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரத்துக்கு மேலும் ஓடியிருக்கும். மீற்றர் எண்ணை மறைத்தாலும் வண்டி மறைக்காது. பிரேக் பெடல் ரப்பரைத் தடவிப் பாருங்கள், வரி தேய்ந்து வழவழவென்று இருக்கிறதா. டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து மெத்தை அமுங்கியிருக்கிறதா. பொனட் முன் விளிம்பில் சிறுகல் பட்ட புள்ளிகள். சக்கரத்துக்கு மேலே உள்வளைவில் கையை விட்டுப் பாருங்கள். மேலே எவ்வளவு பளபளப்பாகக் கழுவினாலும் அந்த இடத்துச் சேற்றை முழுதாக எடுக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. பிரேக் டிஸ்க்கில் மெல்லிய துரு மட்டும் தெரிந்தால் பயப்படாதீர்கள். நம் பனிக்கும் ஈரத்துக்கும் ஒரே இரவில் படியும், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும்.

என்னைக் கேட்டால், 164 ஓடிய வண்டியைவிட 9 மட்டுமே காட்டும் வண்டியைத்தான் இரண்டு தடவை பார்ப்பேன். கொஞ்சமாக ஓடியது நல்லதுதான். ஓடாமல் எத்தனை மாதம் நின்றது என்பதுதான் கேள்வி. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயர் பிறந்த நாளுக்கும் இன்றைக்கும் இடையில் ஒன்றரை வருடம் இருந்தால், வண்டி எங்கேயோ வெயிலில் நின்றிருக்கலாம். பற்றரிக்கு வோல்ட் மீற்றர் வைத்துப் பாருங்கள். எஞ்சினை அணைத்து ஒரு மணி நேரம் கழித்தும் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் புதுப் பற்றரி கேளுங்கள். அதைக் கேட்க நல்ல நேரம் கையெழுத்துக்கு முன்னால்தான்.

ஓட்டோ வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். நாவலப்பிட்டிப் பக்கத்து அண்ணன் ஒருவர் புது ஓட்டோவில் 127 ஓடியிருக்கிறது என்று ஷோரூமில் பெரிய சத்தம் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். போய்ப் பார்த்தால் கடைசி இலக்கம் மட்டும் வேறு நிறம். அப்படிப்பட்ட மீற்றர்களில் அது கிலோமீற்றரில் பத்தில் ஒன்று. 12.7 ஓடிய வண்டி! மனிதர் மறுபடி அந்த ஷோரூம் பக்கம் சர்வீசுக்குக்கூடப் போகவில்லை, என்னிடம்தான் வருகிறார். எனக்கு நட்டமில்லை.

ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் கார்களை "ஸீரோ மைலேஜ்" என்று விளம்பரம் செய்வார்கள். அங்கே ஏற்கெனவே ஒருவர் பெயரில் பதிந்து, அதிகம் ஓட்டாமல் ஏலத்துக்கு வந்தவையும் அதில் இருக்கும். அதில் மீற்றரை நம்பவேண்டாம். ஒக்ஷன் ஷீட்டில், அதாவது ஏலத்தில் வண்டியின் நிலையை எழுதிய தாளில், இருக்கும் கிலோமீற்றரையும் சேசி நம்பரையும் வண்டியோடு ஒத்துப் பாருங்கள்.

கணக்கு ஒத்துவந்தால் மீற்றரைப் படம் எடுத்துவிட்டு, டெலிவரித் தாளிலும் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதமும் முதல் சர்வீசும் கிலோமீற்றரில் எண்ணப்படுவதால், எந்த எண்ணிலிருந்து உங்கள் கணக்கு தொடங்குகிறது என்று அப்போதே கேட்டுவிடுங்கள். லீசிங்கில் எடுத்தால் இதையெல்லாம் பதிவுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயரும் லீசிங் கம்பெனியின் பெயரும் ஏறிய பிறகு "வேறு வண்டி தாங்க" என்றால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

இனி நான் சொல்லவேண்டிய ஒன்று, கொஞ்சம் வெட்கத்தோடு. புது எஞ்சினை முதல் 1000 கிலோமீற்றருக்கு விரட்டக்கூடாது என்று கைநூலில் போட்டிருக்கும். நாங்கள் விரட்டியிருக்கிறோம். ஐந்து கார் வரிசையில் கடைசியாகப் போகிறவனுக்கு முன்னால் போகிறவனைப் பிடிக்கத் தோன்றும், அந்த வயது அப்படி. அந்த 118 கிலோமீற்றரில் கார் கெட்டுப்போய்விடாது. ஆனால் மிச்சத்தை நீங்கள் பொறுமையாக ஓட்டவேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் முக்க முக்கப் பெரிய கியரில் இழுக்காதீர்கள், கியரைக் குறையுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதிக்காதீர்கள். நேர் ரோட்டில் ஒரே வேகத்திலேயே போகாமல் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். இறக்கத்தில், முக்கியமாக றம்பொடைப் பக்கம், புது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். பிரேக் பேட் டிஸ்க்கோடு படிந்து முழுப் பிடி வர ஒரு 200, 300 கிலோமீற்றர் ஆகும். அதுவரை சின்ன கியர்தான் உங்கள் பிரேக்.

அன்று மாலை அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு காரை நேரே என் கராஜுக்குக் கொண்டுவந்தாள். அவளுடைய தம்பிதான் ஓட்டினான், அவள் பக்கத்தில் மடியில் கொப்பியோடு. முதல் பக்கத்தில் தேதி போட்டு 164 என்று எழுதி, பக்கத்தில் "கொழும்பு அண்ணன் ஓட்டியது" என்று குறித்திருந்தாள். டயருக்கடியில் வைத்து ஏற்ற எலுமிச்சம்பழம் வாங்க மறந்துவிட்டார்களாம். நாலு பழம் வாங்க ஹட்டனுக்கு நான்தான் போனேன், என் பழைய மோட்டார் சைக்கிளில்.