ஊருக்குப் போனதும் அப்பாவின் கணினியைத் தொடும் முன்

கோவை விமான நிலையத்தில் இறங்கி, பல்லடத்துக்கோ பொள்ளாச்சிக்கோ கோபிக்கோ வீடு போய்ச் சேர்ந்து, குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்ததும் அம்மா சொல்லும் முதல் வேலைகளில் இதுவும் ஒன்று: "கண்ணு, அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பார்த்துவிடு. போட்டால் வருவதற்கே ஒரு காப்பி குடித்து முடித்துவிடலாம்." அரை மணி நேர வேலை என்று நினைத்து நாமும் உட்காருகிறோம். வேண்டாத கோப்புகளை அழித்தால் வேகம் வந்துவிடும் என்பது நம் கணக்கு.

ஒருமுறை அப்படித்தான் உட்கார்ந்தேன். 10000, 10001 என்று வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புறைகள் கண்ணில் பட்டன. ஏதோ மென்பொருள் விட்டுப்போன குப்பை என்று எண்ணி அழித்துவிட்டேன். டேலி என்ற கணக்கு மென்பொருள் ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கையும் இப்படி எண் பெயரிட்ட கோப்புறையில்தான் வைக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் தறிக்கூடத்தின் இரண்டு வருடக் கூலிக் கணக்கு போய்விட்டது. ஒரு வருடத்தின் நகல் ஆடிட்டரிடம் இருந்தது. மற்றதை அப்பா பில் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவு இரவாக மறுபடி ஏற்றினார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: நமக்குக் குப்பையாகத் தெரிவது அந்த வீட்டின் ஆவணமாக இருக்கலாம். அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கேட்டுக் கேட்டுத்தான் அழிக்க வேண்டும்.

முதல் நாள் எதையும் அழிக்காதீர்கள். ஒரு டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, பயனர் கோப்புறை முழுவதையும், டேலி தரவையும், டி டிரைவில் இருப்பதையும் அப்படியே நகலெடுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள வீடுகளில் இது சட்டப்படியும் முக்கியம். ஒரு நிதியாண்டின் கணக்குகளை, அதன் ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும்.

எழுத்துருக்களையும் தொடாதீர்கள். பத்திர வரைவு, கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக வரவு செலவு எனப் பழைய கோப்புகள் பல வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரநிலையாக அறிவித்தது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருக்களில் எழுதியவர்கள் நிறையப் பேர். எழுத்துருவை நீக்கினால் அந்தக் கோப்புகள் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறித் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அதையும் அழித்தவர்கள் உண்டு. எழுத்துருவைத் திரும்ப நிறுவினால் தமிழ் திரும்பிவிடும்.

இனி வேகத்துக்கு வருவோம். கொங்கு நாட்டு வீடுகளில் நான் முதலில் பார்ப்பது கோப்புகளை அல்ல, சிபியூ பெட்டியின் உள்ளே இருக்கும் தூசியை. சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டை ஒட்டியே தறிக்கூடம் இருக்கும். திருப்பூரில் பனியன் பஞ்சு, பொள்ளாச்சியில் தென்னை நார்த் தூசி. போதாததற்கு ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம் வரை புழுதியை வாரிக்கொண்டு போகும். வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையில் நாம் ஊருக்கு வருவதும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். பெட்டியைத் திறந்தால் பிராசஸர் விசிறிக்கு அடியில் பஞ்சு மெத்தைபோல் படிந்திருக்கும். வெப்பம் வெளியேற வழி இல்லாதபோது பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எத்தனை கோப்புகளை அழித்தாலும் இது மாறாது.

மின் இணைப்பை முழுவதும் கழற்றிவிட்டு, பெட்டியை வாசலுக்குக் கொண்டு போய், மென்மையான பிரஷ்ஷாலும் சிறிய ப்ளோயராலும் சுத்தம் செய்யுங்கள். காற்று அடிக்கும்போது விசிறி தாறுமாறாகச் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் வேண்டாம். அதன் காற்றோடு ஈரமும் வரும். பல வருடம் திறக்காத பெட்டி என்றால், ஊரில் இருக்கும் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து பிராசஸருக்குப் புதிதாகத் தெர்மல் பேஸ்ட் (வெப்பத்தைக் கடத்தும் பசை) போடச் சொல்லுங்கள்.

அடுத்து, கணினி போட்டதும் தானாகத் தொடங்கும் நிரல்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையற்றவற்றை முடக்குங்கள். முடக்கினால் போதும், நீக்க வேண்டியதில்லை. அப்பா தமிழில் தட்டச்சு செய்ய என்எச்எம் ரைட்டரோ அழகியோ வைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் ஒன்றை நீக்குங்கள். விண்டோஸுடன் வருவதே பல வீடுகளுக்குப் போதும்.

கோப்புகளை அழிப்பது இதற்குப் பிறகுதான். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் எதெல்லாம் அழிக்கத்தக்கது என்று விண்டோஸே பட்டியலிடும். அதில் டவுன்லோட்ஸ் என்பதை மட்டும் தேர்வு செய்யாதீர்கள். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, ஆதார் எல்லாம் அங்கேதான் கிடக்கும். காலை வணக்கப் படங்களை அம்மாவோடு சேர்ந்து நீக்குங்கள். இடையிடையே இப்போது இல்லாத அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) படமும் இருக்கலாம். இணையத்தில் விளம்பரம் செய்யும் 'வேகப்படுத்தும்' மென்பொருள்கள் எதுவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்து வேகம் வரவில்லை என்றால், சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணமாக இருக்கும். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி போடுவதைவிடப் பெரிய மாற்றத்தை நான் கண்டதில்லை. நான்கு ஜிபி ராம் இருந்தால் எட்டாக்குங்கள். இரண்டையும் ஊரிலேயே வாங்குங்கள். நீங்கள் திரும்பிப் போன பிறகு கெட்டால் உத்தரவாதம் அங்கேயே கிடைக்கும். பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு மாற்றச் சில மணி நேரம் ஆகலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். யுபிஎஸ் பேட்டரியையும் சோதியுங்கள். சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் டிஃபிராக் எஸ்எஸ்டிக்குத் தேவையில்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமானால் இந்தப் பயணத்திலேயே மாற்றிவிடுங்கள். பழைய பிராசஸர் என்றால் ஏற்காது. இணையம் பார்க்கவும் வீடியோ அழைப்புக்கும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போதும். டேலி இருக்கும் வீட்டுக்கு அது சரிப்படாது.

கிளம்புவதற்கு முந்தைய நாள், விண்டோஸில் இருக்கும் குயிக் அசிஸ்டை அப்பாவோடு ஒருமுறை பழகிப் பாருங்கள். நீங்கள் சொல்லும் குறியீட்டை அவர் இட்டால், அங்கிருந்தே அவர் திரையைப் பார்த்து உதவலாம். பிள்ளையைத் தவிர வேறு யார் போனில் குறியீடு சொன்னாலும் இடக்கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930ஐத் திரைக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிடாதீர்கள். ஓர் உறையில் போட்டு, தேதியும் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் எழுதி, பீரோவில் காட்டுப் பத்திரங்களோடு வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுங்கள்.