பசியைக் கிரேக்கத்தில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலீஷிலிருந்து கிரேக்கத்துக்கு மொழிபெயர்க்கப் பழகுகிறவர்களின் கோப்புகளைத் திருத்தித் தருவது என் வேலையில் ஒரு பகுதி. போன வாரம் ஒரு கோப்பில் ஒரு சொல்லைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பல வருடம் முன்பு நான் செய்த அதே தப்பு. அதை ஒட்டித்தான் இது. அகராதியைப் புரட்டினால் சரியாகிவிடும் பிழைகளை இங்கே தொடவில்லை. அகராதி பார்த்த பிறகும் வருகிறவை மட்டும்.

‘பசித்தவனாக இருக்கிறேன்’

இங்கிலீஷ் வாக்கியத்தின் அச்சிலேயே ‘ஈமெ பினஸ்மேனோஸ்’ என்று எழுதுகிறார்கள். இலக்கணத்தில் குற்றமில்லை. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு கிரேக்கர் சொல்வது ஒரே வினைச்சொல்: ‘பினாவோ’. நமக்கும் ‘பசிக்குது’ என்று வினையாகத்தானே வருகிறது? நேரே தமிழிலிருந்து யோசித்திருந்தால் இந்தத் தப்பே வராது.

அபடைட் எல்லாம் ஓரெக்ஸி அல்ல

அபடைட்டுக்குக் கிரேக்கச் சொல் ஓரெக்ஸி. ‘தென் எஹோ ஓரெக்ஸி’ (எனக்கு ஓரெக்ஸி இல்லை) என்று ஒருவர் சொன்னால் சாப்பாடு இறங்கவில்லை என்றும் அர்த்தம், வெளியே கிளம்ப மனசில்லை என்றும் அர்த்தம். கதையில் இப்படி ஒரு வரி வந்தால், பேச்சு தட்டைப் பற்றியதா மனசைப் பற்றியதா என்று முன்பின் வாக்கியங்களிலேயே தெரியவைக்க வேண்டும். வங்கி அறிக்கையில் வரும் ‘ரிஸ்க் அபடைட்’ வேறு கதை. பத்திரிகைக்காரர்கள் ஓரெக்ஸி என்றே எழுதுவார்கள். அலுவல் நடையில் அது ‘தியாதேஸி’, அதாவது ஆபத்தை ஏற்கும் மனநிலை.

அறிவுப்பசி

கிரேக்கத்தில் அது தாகம். ‘திப்ஸா’ என்று போட்டுவிட்டு நகருங்கள்.

வெறும் வயிறு

ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வருகிறவர் ‘நிஸ்திகோஸ்’. அதை ‘நிஸ்தெவோ’ என்ற வினையாக மாற்றிவிடாதீர்கள். அது நோன்பு இருப்பது. கிரேக்கர்களின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ நோன்பில் இறைச்சியும் மீனும் பாலும் முட்டையும் கூடாது. ஆக்டோபஸ் தாராளமாகச் சாப்பிடலாம். உங்கள் குறிப்பை அப்படியே கடைப்பிடிக்கும் நோயாளி காலையில் ஆக்டோபஸ் சாப்பிட்டுவிட்டு வந்து கை நீட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

லிமோஸும் லிமோஸும்

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது. பஞ்சத்துக்குக் கிரேக்கச் சொல் லிமோஸ். கொள்ளைநோய்க்கும் லிமோஸ். காதுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்தில் பஞ்சத்துக்கு வெறும் இயோட்டா (ι என்ற எழுத்து); கொள்ளைநோய்க்கு இயோட்டாவுக்கு முன்னால் ஓர் ஓமிக்ரான் (ο என்ற எழுத்து). இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் கணினியின் பிழைதிருத்தி வாயைத் திறக்காது.

நான் மாட்டியது ஒரு நினைவு மலரில். 1941 ஏப்ரலில் ஜெர்மனி படையெடுத்து, கிரீஸ் ஆக்கிரமிப்புக்குள் போனது. ஆக்கிரமித்தவர்கள் உணவைப் பறித்தார்கள்; பிரிட்டனின் கடல் முற்றுகையால் கப்பலும் வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் தெருக்களில் மக்கள் சுருண்டு விழுந்து செத்தார்கள். அக்டோபரில் துருக்கியிலிருந்து குர்துலுஷ் என்ற கப்பல் உணவு கொண்டுவந்தது; அதுவும் 1942 ஜனவரியில் மர்மரா கடலில் மூழ்கியது. இதையெல்லாம் ஒழுங்காக மொழிபெயர்த்தவன் அட்டையில் ‘பெரும் பஞ்சம்’ என்பதில் ஓர் ஓமிக்ரானைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன். வெளியீட்டன்று ஒரு பாட்டி அட்டையை விரலால் தட்டி, “எங்க வீட்ல நோய் வந்து யாரும் சாகலப்பா, பசியிலதான் செத்தாங்க” என்றார். நானூறு அட்டைகள், மறுஅச்சு என் செலவில். பணம் போனதுகூடப் பரவாயில்லை.

குழப்பம் புதிதல்ல. கி.மு. 430-இல் ஏதென்ஸில் கொள்ளைநோய் பரவியபோது, ‘டோரியர் போர் வரும், கூடவே’ என்ற பழைய வாக்கில் (டோரியர் என்றால் ஸ்பார்ட்டாக்காரர்களின் இனம்) அடுத்து வருவது பஞ்சமா நோயா என்று மக்கள் சண்டை போட்டதை அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். நோய் நடந்துகொண்டிருந்ததால் நோய் ஜெயித்தது. பின்னால் ஒரு போரில் பஞ்சம் வந்தால் வாக்கையும் பஞ்சம் என்றே மாற்றிப் பாடுவார்கள் என்று அவரே குத்தலாகச் சேர்க்கிறார். தேவாலயத்தில் இன்றும் கொள்ளைநோய், பஞ்சம், நிலநடுக்கத்திலிருந்து காக்கச் சொல்லி ஒரு வேண்டுதல் உண்டு. கேட்கிறவருக்கு முதல் இரண்டும் ‘லிமூ, லிமூ’ என்று ஒரே சொல்லாகத்தான் விழும்.

நான் பிடித்து வைத்திருக்கும் வழி: தொற்றுக்கு ‘லீமொக்ஸி’ என்பார்கள், டாக்டர் சீட்டில் தினமும் பார்க்கிற சொல். அதில் ஓமிக்ரான் இருக்கிறது. நோயென்றால் ஓமிக்ரான்.

அப்புறம், எழுத்து சரியாக இருந்தாலும் எல்லா இடத்திலும் லிமோஸ் பொருந்தாது. அது புத்தகச் சொல். அந்தப் பாட்டியின் பேட்டியை மொழிபெயர்த்தால் அவர் வாயில் ‘பீனா’, வெறும் பசி, என்றுதான் வர வேண்டும்.

வூலிமீயா

இங்கிலீஷில் இது ‘புலிமியா’, அடக்க முடியாமல் அள்ளிச் சாப்பிடும் நோயின் பெயர். கிரேக்கத்தில் புத்தகத்தைக்கூட வூலிமீயாவோடு படிக்கலாம். நோயைச் சொல்ல முன்னால் ஓர் அடைமொழி வேண்டும். நமக்கு யானைப்பசி, அவர்களுக்கு மாட்டுப்பசி: மாடும் லிமோஸும் சேர்ந்த சொல் அது. ஓமிக்ரான் இல்லாத லிமோஸ்.