ரோபோ உதவியுடன் இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ காரைக்குடி வட்டாரத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு வீடு தேடிச் சென்று பிசியோதெரபி அளிப்பது என் தொழில். சென்ற ஆண்டு ஒரு வீட்டில் கண்டித்த தவற்றையே இந்த ஆண்டு இன்னொரு வீட்டில் புதிதாகச் செய்கிறார்கள். மாத்திரையை மறப்பது, பயிற்சியைத் தள்ளிப்போடுவது போன்றவற்றை மருத்துவமனைச் சீட்டே சொல்லிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ரோபோவே அறுவை செய்கிறது என்று நம்புவது

செய்பவர் மருத்துவர்தான். 1992இல் வந்த ரோபோடாக் கருவி தொடை எலும்பின் உட்குழியைத் தானே குடைந்தது உண்மை. இன்று பரவலாக உள்ள முறையிலோ, சி.டி. ஸ்கேனை வைத்து, இடுப்பெலும்பில் பொருத்தும் செயற்கைக் கிண்ணம் அமர வேண்டிய இடமும் கோணமும் முன்பே திட்டமிடப்படுகின்றன. மருத்துவர் பிடித்து இயக்கும் ரோபோ கை, குடைவது அந்த எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறது.

துல்லியமாக வைத்த மூட்டு என்று தரையில் உட்காருவது

என்னை இன்றளவும் எரிச்சலூட்டுவது இதுதான். கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஆச்சி, இடுப்பைப் பின்புறமாகத் திறந்து அறுவை செய்துகொண்டு இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு வந்திருந்தார். நாற்காலியைத் தேடியவரை, “மிஷின் வச்சுப் பாத்த மூட்டு, ஒண்ணும் செய்யாது ஆச்சி, சும்மா உக்காருங்க” என்று உறவினர் ஒருவர் பந்தியில் அமர்த்திவிட்டார். உட்கார்ந்தபோது ஒன்றும் ஆகவில்லை. எழுவதற்காக முன்னால் குனிந்து, முழங்காலை உள்பக்கம் திருப்பி ஊன்றியபோதுதான், தொடை எலும்பின் உச்சியில் வைத்த செயற்கைப் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. மறுபடி மருத்துவமனை, மறுபடி மயக்க மருந்து, மறுபடி முதலிலிருந்து நடைப்பயிற்சி. சொன்னவர் அடுத்த நாளே ஊருக்குப் போய்விட்டார்.

கோணத்தைச் சரியாக வைப்பதோடு ரோபோவின் வேலை முடிந்துவிடுகிறது. வழி அமைப்பதற்காக அறுக்கப்பட்ட மூட்டுறையும் தசைகளும் ஆறிப் பிடிக்கச் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை ஆகலாம், அதை எந்தக் கருவியாலும் விரைவுபடுத்த முடியாது. இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கிக் காலும் உள்நோக்கித் திரும்பினால், தொடை எலும்புக்குள் செருகிப் பந்தைத் தாங்கும் செயற்கைத் தண்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் முட்டிப் பந்தை நெம்பிவிடும். அந்தப் பந்தும் பெரும்பாலும் 32 அல்லது 36 மி.மீ. விட்டம்தான், இயற்கையான பந்தைவிடச் சிறியது. முன்புறமாகத் திறந்தவர்களுக்குத் தடைகள் வேறு என்பதால், எந்த வழியில் செய்தார்கள் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் சாய்வு நாற்காலியும் தாழ்ந்த ஊஞ்சலும் தரைக்குச் சமமான ஆபத்துதான். இருக்கை முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும். பின்கட்டில் குத்துக்காலிடும் கழிப்பறை மட்டும் இருந்தால், அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே உயரமான கோப்பை வைத்துவிடுங்கள்.

ஈரமான ஆத்தங்குடிக் கல் தரையில் நடப்பது

காயும் வரை நடக்க வேண்டாம்.

லேகியத்தை மறைப்பது

அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சில லேகியங்களில் ரத்தக் கசிவைக் கூட்டும் சரக்குகள் உண்டு.

ஊன்றுகோலைத் தவறான கையில் பிடிப்பது

அறுவை நடந்த காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும்.

கால் நீண்டுவிட்டது என்று செருப்பை உயர்த்துவது

தசை இறுக்கத்தால் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது, அளவு சரியாக இருந்தாலும் கால் நீண்டது போலவே தோன்றும். பெரும்பாலோருக்குச் சில மாதப் பயிற்சியில் இது அடங்கிவிடும். அளந்து பார்க்காமல் மறுகால் செருப்புக்குக் கட்டை ஒட்டினால் அந்தச் சாய்வு நிலைத்துவிடக்கூடும்.